ஞானப்பல் எடுத்தபின் வரும் நோ: எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது

ஞானப்பல் எடுத்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு வீட்டில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கொஞ்சம் பொறு, மாறிவிடும்." முதல் மூன்று நாளுக்கு அது சரியான பேச்சு. ஐந்தாம் நாளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை வீணாக வேதனைப்படும். நான் தாதியாக வேலை செய்த காலத்தில், பல் எடுத்து ஒரு கிழமை ஆகும் தறுவாயில், காதையும் கன்னத்தையும் சேர்த்துப் பொத்திப் பிடித்தபடி, இரவிரவாக நித்திரை இல்லாத கண்ணோடு வந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஏன் முதலே வரவில்லை என்று கேட்டால், "பல்லுப் பிடுங்கினால் நோகும்தானே எண்டு இருந்தன்" என்பார்கள். பத்து நிமிட வேலையில் தணித்திருக்கக்கூடிய நோ அது.

இப்போது ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிறேன். அயலில் யாருக்காவது பல் எடுத்தால் மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்குப் பல் எடுத்த டொக்டர் இதில் ஏதாவது ஒன்றை வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். உங்கள் எக்ஸ்றேயைப் பார்த்தவர் அவர்.

நோ ஏறுகிறதா, இறங்குகிறதா

ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கும். இடம் போதாமல் சரிந்தோ, எலும்புக்குள் படுத்தோ கிடக்கிற கீழ்ப்பல்லை எடுக்க முரசை வெட்டவேண்டும். சில வேளை எலும்பையும் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கித்தான் எடுக்கவேண்டும். நேராக முளைத்த மேற்பல் அப்படியில்லை, லேசாக வந்துவிடும். ஆகவே அக்காவுக்கு மேற்பல் எடுத்து அடுத்த நாளே வேலைக்குப் போனாள், எனக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று யோசிக்கத் தேவையில்லை. இரண்டும் வேறு வேறு காயம்.

ஒழுங்காக ஆறுகிற காயத்தில், ஊசியின் விறைப்பு விட்டதும் நோ ஏறும். அன்றிரவும் அடுத்த நாளும்தான் கடுமை. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். காலையில் கண்ணாடியைப் பார்த்துப் பயந்துபோய் வருகிறவர்கள் இந்த நாட்களில்தான் வருவார்கள். அதன்பிறகு நோவும் வீக்கமும் இறங்கவேண்டும். இறங்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இறங்கின நோ திரும்ப ஏறக்கூடாது, வற்றின வீக்கம் திரும்பப் பொங்கக்கூடாது. அப்படி நடந்தால் அன்றைக்கே பல் எடுத்த இடத்துக்குப் போங்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் மற்றதெல்லாம் எழுதுகிறேன்.

ஒரு தாளை எடுத்து காலையும் மாலையும் நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதி, குடித்த குளிசையையும் நேரத்தையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். நோவோடு இருக்கிறவருக்கு நேற்று எப்படி இருந்தது என்பது ஞாபகத்தில் நிற்காது. அந்தத் தாளோடு போனால் டொக்டருக்கும் பாதி வேலை முடிந்துவிடும்.

கதிரையில் ஏறமுன்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்தம் உறையாமல் இருக்க வாபரின், குளோபிடோகிரெல், அஸ்பிரின் போன்றவை குடிக்கிறவர்கள், சலரோகம், பிரசர், ஆஸ்மா உள்ளவர்கள், எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுக்கிறவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் எல்லாரும் அதை முதலே சொல்லவேண்டும். இரத்தம் ஓடும் என்று பயந்து இதய மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்; அது பல்லைவிடப் பெரிய ஆபத்து. கருத்தடை மாத்திரை எடுக்கிற பெண்பிள்ளைகளுக்கு, நான் பின்னால் சொல்லப்போகிற குழி வறளும் சிக்கல் கொஞ்சம் கூடுதலாக வரும். வெட்கப்பட்டு மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். கேட்பவரும் வைத்தியர்தான், அவர் அதை வேறு யாருக்கும் கதைக்கப்போவதில்லை.

வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்து, போகமுன் பல்லையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் வந்த கிழமையே எடுப்பித்துவிடுங்கள். சிக்கல் வருவது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். அப்போது விமானத்தில் இருக்கக்கூடாது. நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆட்கள் முதல் இரண்டு மூன்று இரவும் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் நல்லது. இரவு இரத்தம் நிற்காவிட்டால் படகு பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது.

முதல் நாள்

பல் இருந்த குழிக்குள் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். முழங்கால் காயத்துக்குப் பொருக்கு எப்படியோ, இந்தக் குழிக்கு அந்தக் கட்டி அப்படி. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காப்பது அதுதான். முதல் நாள் செய்யச் சொல்வதும், செய்யாதே என்று தடுப்பதும் எல்லாம் அந்தக் கட்டி கழன்றுவிடக்கூடாது என்பதற்காகவே.

வைத்துவிட்ட கோஸ் துணியை அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை இறுக்கிக் கடித்துக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, நின்றுவிட்டதா என்று பார்க்காதீர்கள். எடுக்கிற ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கிய இரத்தமும் துணியோடு சேர்ந்து வந்துவிடும். பிறகும் ஒரு நாள் வரைக்கும் எச்சில் இளஞ்சிவப்பாக இருக்கும். ஒரு சொட்டு இரத்தம் ஒரு வாய் எச்சிலையும் சிவப்பாக்கப் போதும், ஆகவே தலையணை உறையில் கறையைக் கண்டு கலங்காதீர்கள். பழைய துவாய் ஒன்றை விரித்துக்கொண்டு, இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள்.

வாய் நிறைய, திரும்பத் திரும்ப, நல்ல சிவப்பாக இரத்தம் வந்தால் அது வேறு. நிமிர்ந்து இருங்கள். வாயில் கொழகொழவென்று தொங்குகிற இரத்தத்தைச் சுத்தமான துணியால் மெல்லத் துடைத்து எடுத்துவிட்டு, புதிய கோஸை நனைத்து மடித்து, குழிக்கு நேரே வைத்து அரை மணித்தியாலம் அசையாமல் கடியுங்கள். கோஸ் இல்லாவிட்டால் ரீ பாக் ஒன்றைச் சுடுதண்ணியில் நனைத்து, ஆறவிட்டு, பிழிந்து வையுங்கள். தேயிலையில் இருக்கும் தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரத்தத்தை உறையவைக்க உதவும். இப்படி இரண்டு முறை கடித்தும் நிற்காவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் 24 மணித்தியாலம் கொப்பளிக்க வேண்டாம், துப்ப வேண்டாம். எங்கள் ஆட்களுக்குத் துப்பாமல் இருப்பது பெரிய கஷ்டம், தெரியும். எச்சிலை விழுங்குங்கள், ஏலாவிட்டால் கோப்பையைப் பிடித்து, தலையைச் சரித்துத் தானாக வழியவிடுங்கள். ஸ்ட்ரோ வைத்து உறிஞ்ச வேண்டாம். வீதியோரத்தில் இளநீர் வெட்டுகிறவர் ஸ்ட்ரோவைப் போட்டுத்தான் தருவார், வீட்டுக்குக் கொண்டுவந்து கிளாஸில் ஊற்றிக் குடியுங்கள். சிகரெட், சுருட்டு, வெற்றிலை, மாவா எல்லாவற்றையும் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு கிழமை தள்ளிவையுங்கள். உறிஞ்சும்போது கட்டி கழரும், புகை இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், பாக்குத் தூளும் சுண்ணாம்பும் காயத்துக்குள் போய்ச் சேரும். சாராயத்தால் வாய் கொப்பளித்தால் கிருமி சாகும் என்று சொல்லிக்கொண்டு வரும் சித்தப்பாமாரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விறைப்பு விடும்வரை, அதாவது மூன்று நான்கு மணித்தியாலம், சப்பிச் சாப்பிட வேண்டாம். உதடு கடிபட்டால் தெரியாது. சின்ன வயதுப் பிள்ளைகள் விறைத்த உதட்டைக் கடித்து விளையாடி, பெரிய புண்ணோடு வந்ததையும் கண்டிருக்கிறேன்.

ஐஸ் முதல் இரண்டு நாளுக்கு மட்டும். பொலித்தீன் பையில் ஐஸ் கட்டியைப் போட்டு, மெல்லிய துவாயால் சுற்றி, கன்னத்தில் 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் விடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஐஸால் பலனில்லை, இளஞ்சூட்டு ஒத்தடத்துக்கு மாறுங்கள். குனிந்து வீடு கூட்டுவது, கிணற்றில் தண்ணி அள்ளுவது, சைக்கிளை வேகமாக மிதிப்பது, கோயிலில் பிரதட்டை பண்ணுவது எல்லாம் மூன்று நாளுக்கு நிற்கட்டும். முகத்தை மூடுகிற ஹெல்மெட்டை வீங்கின கன்னத்தின் மேல் இழுத்துப் போடுவதும் கழற்றுவதும் பெரிய சித்திரவதை. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் திரும்பிப் போகும்போது ஓட்டோ பிடிப்பது நல்லது.

நோக் குளிசை

விறைப்பு முழுதாக விடமுன் முதல் குளிசையைக் குடித்துவிடுங்கள். நோ உச்சத்துக்கு ஏறினபிறகு அதை இறக்குவது கஷ்டம். முதல் இரண்டு நாளும் நோ வரட்டும் பார்ப்போம் என்று இராமல் நேரத்துக்கு எடுங்கள்.

உடல்நலமுள்ள பெரியவருக்கு பரசிற்றமோல் (பனடோல் என்பதும் இதுதான்) 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் ஒருபோதும் வேண்டாம். மெலிந்தவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த அளவும் கூடுதலாக இருக்கலாம், கேட்டுத்தான் எடுக்கவேண்டும். தடிமலுக்கு விற்கிற குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் இருக்கிறது, அதையும் எண்ணிக்கையில் சேருங்கள்.

டொக்டர் ஐபுபுரூபனும் தந்திருந்தால், அது முரசின் வீக்கத்தையும் குறைக்கும். பொதுவாக 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறை, சாப்பாட்டோடு. கீழ் ஞானப்பல் எடுத்தவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2013 இல் கொக்கிரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, 400 மில்லிகிராம் ஐபுபுரூபன் 1000 மில்லிகிராம் பரசிற்றமோலைவிடக் கூடுதலாக நோவைக் குறைக்கிறது என்றும், இரண்டும் சேரும்போது பலன் இன்னும் நல்லது என்றும் காட்டியது. இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால் ஒரே நாளில் இரண்டையும் எடுக்கலாம். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்மா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் ஐபுபுரூபனைத் தொடக்கூடாது.

இங்கே நான் அடிக்கடி கண்ட ஆபத்து வேறு. டொக்டர் டைக்ளோபெனாக் எழுதியிருப்பார். வீட்டில் யாரோ ஐபுபுரூபன் வாங்கிவைத்திருப்பார்கள். மாதவிடாய் நோவுக்கென்று அக்காவின் பையில் மெபெனமிக் அசிட் இருக்கும். ஒன்று கேட்கவில்லை என்று மற்றதையும், அதுவும் போதாமல் மூன்றாவதையும் விழுங்கிவிட்டு இரத்தச் சத்தியோடு வருவார்கள். இந்த மூன்றும் ஒரே குடும்பம். ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் எடுக்கக்கூடாது.

கந்தசஷ்டி, வெள்ளி விரதம் என்று பட்டினி கிடந்துகொண்டு வெறும் வயிற்றில் இந்தக் குளிசைகளைப் போடாதீர்கள். வருத்தக்காரர் விரதத்தை விட்டால் முருகன் கோபிக்கமாட்டார். சலரோகத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பாடு குறைந்த நாளில் வழமையான அளவையே எடுத்தால் சீனி இறங்கி மயங்கலாம். எவ்வளவு குறைப்பது என்று முதலே கேட்டுவையுங்கள்.

அஸ்பிரின் குளிசையை நோகிற முரசின்மேல் நேராக வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது அமிலம், தசையைப் பொசுக்கி வெள்ளைப் புண்ணாக்கும். கராம்பு எண்ணெயும் அப்படித்தான்: டொக்டர் அளவாகக் கலந்து வைக்கும்போது மருந்து, நீங்கள் போத்திலிலிருந்து குழிக்குள் ஊற்றும்போது எரிகாயம்.

அன்ரிபயோற்றிக் எல்லாருக்கும் தேவையில்லை. தந்திருந்தால் சொன்ன நாள்வரை குடித்து முடியுங்கள். மெற்றோனிடசோல் தந்திருந்தால் வாய் கசக்கும், உலோகச் சுவை தட்டும், அது போய்விடும். அந்த நாட்களிலும் முடித்து இரண்டு நாள் வரையும் மதுவைத் தொடவேண்டாம். சத்தியும் நெஞ்சுப் படபடப்பும் வரலாம். போன முறை மிஞ்சினது லாச்சிக்குள் கிடக்கிறது என்று எடுத்துக் குடிப்பது வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு

பல் எடுத்தவர்கள் வீட்டில் சண்டை வருவது இந்த விஷயத்தில்தான். ஆச்சிமார் பத்தியம் என்பார்கள். ஐஸ்கிறீம் குளிர், சீழ் பிடிக்கும் என்பார்கள். கத்தரிக்காயும் இறாலும் கிரந்தி என்பார்கள். கத்தரிக்காயையும் இறாலையும் ஒரு கிழமை விட்டால் யாருக்கும் நட்டமில்லை, விட்டுவிடுங்கள், ஆச்சியின் மனமும் ஆறும். ஆனால் முட்டையையும் மீனையும் தயிரையும் சேர்த்து நிறுத்தி, வெறும் கஞ்சித் தண்ணியில் பிள்ளையைக் கிடத்தினால் காயம் எதைக்கொண்டு ஆறும்? ஐஸ்கிறீமால் சீழ் பிடிக்காது. முதல் நாளுக்கு அதைவிட இதமான சாப்பாடு இல்லை. கரண்டியால் சாப்பிடுங்கள், கச்சான் தூவினது வேண்டாம். பலூடா கூடாது: ஸ்ட்ரோவும் இருக்கும், கசகசா விதையும் குழிக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

முதல் நாள்: தயிர், ஆறின பால், இளநீர், மசித்த பப்பாசிப்பழம், மசித்த வாழைப்பழம், காலமாக இருந்தால் நுங்கு. எல்லாம் குளிராகவோ வெதுவெதுப்பாகவோ இருக்கட்டும். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடித்தால் உறைந்த இரத்தம் இளகும்.

இரண்டாம் நாளிலிருந்து: குழையக் காய்ச்சின சோறும் பருப்பும் நெய்யும், சவ்வரிசிக் கஞ்சி, உழுத்தங்களி, அரை அவியல் முட்டை, முள் எடுத்து மசித்த மீன் பால்கறி. இடியப்பத்தைச் சொதியில் ஊறப்போட்டால் சப்பவே தேவையில்லை. சொதியில் பச்சைமிளகாயை மட்டும் விட்டுவிடுங்கள். மற்றப் பக்கத்தால் சாப்பிடுங்கள். புட்டு மெதுவான சாப்பாடு என்று நினைத்துக் கொடுப்பார்கள், ஆனால் உதிர்ந்த மணி மணியாகக் குழிக்குள் இறங்குகிறதில் அதுதான் முதலிடம். ஒரு கிழமை புட்டு வேண்டாம். எள்ளுருண்டை, மிக்சர், முறுக்கும் அப்படியே. ஒடியல் கூழ் சூடும் உறைப்பும் நண்டுக்கோதும் மீன்முள்ளும் சேர்ந்தது. ஆசையாக இருந்தாலும் அடுத்த மாதம் காய்ச்சலாம். எலும்பு குடைந்து பல் எடுத்தவர்கள் பருத்தித்துறை வடை, புழுக்கொடியல், பனங்கிழங்கு, எலும்பு கடிப்பது போன்ற வலுவான சப்பலை ஒரு மாதம் வரை தள்ளிப்போடவேண்டும். குடைந்த தாடை கொஞ்ச நாளைக்குப் பலம் குறைந்திருக்கும். அரிதாக, கடினமானதைக் கடிக்கும்போது தாடை வெடித்தவர்களும் உண்டு.

வாயைச் சுத்தமாக வைத்திருப்பது

24 மணித்தியாலம் கழிந்ததும் உப்புத்தண்ணி தொடங்கலாம். ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணிக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கமுன்னும். கொடுப்புக்குள் வைத்துத் தலையை அங்கும் இங்கும் சரியுங்கள், பிறகு வாயைத் திறந்து விழவிடுங்கள். கரகரவென்று கொப்பளித்து வேகமாகத் துப்புவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. மற்றப் பற்களை முதல் நாளிரவே மெதுவாகத் துலக்கலாம். குளோர்ஹெக்ஸிடின் மவுத்வொஷ் தந்திருந்தால், அதைப் பாவித்த உடனே பிளேன்ரீ குடிக்காதீர்கள், பல் மண்ணிறமாகக் கறைபடும்.

ஐந்தாறு நாளில் குழியின் மேல் வெள்ளையும் மஞ்சளும் கலந்த மெல்லிய படை தெரியும். சீழ் என்று நினைத்து பஞ்சால் தேய்த்து எடுக்கவேண்டாம். அது புதிதாக வளரும் தசை. சீழ் என்றால் நாறும், அமத்தினால் ஒழுகும், நோவும் கூடும்.

குழி வறண்டால்

பல் டொக்டர்மார் இதை டிரை சொக்கெற் என்பார்கள். சாதாரணமாகப் பிடுங்கின பல்லில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும். கீழ் ஞானப்பல்லில் அதைவிடப் பல மடங்கு கூட. இரத்தக்கட்டி கழன்று அல்லது கரைந்து, எலும்பு வெறுமையாகத் தெரியும் நிலை இது. புகைப்பவர்களுக்கு அதிகம். ஆனால் சொன்னதெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் வரும், ஆகவே வந்தவரைப் பார்த்து நீ என்ன செய்தாய் என்று ஏசாதீர்கள்.

என் தமையனின் மகள், பக்கத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கிறவள், கீழ்ப்பல் எடுத்தாள். மூன்று நாள் போனில் "நல்லா இருக்கு மாமி" என்றவள், நாலாம் நாள் பின்னேரம் நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "மாமி, காதுக்குள்ள குத்துது. பனடோல் போட்டால் ஒரு மணித்தியாலம், பேந்து அதே நோ. காது டொக்டரிட்டப் போவமோ?" வாசலில் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, கரண்டிக் காம்பால் கன்னத்தை ஒதுக்கி, டோச் அடித்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பாக நிறைந்திருக்கவேண்டிய குழி வெறுமையாக இருந்தது. அடியில் சாம்பல் வெள்ளையாக எலும்பு, ஒரு ஓரத்தில் ஒட்டின சோற்றுப் பருக்கை, சுற்றியிருந்த முரசு சிவந்துபோய். வாயைத் திறந்தவுடனேயே அந்த மணம் சொல்லிவிட்டது. முகத்தில் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. காதில் ஒரு குற்றமும் இல்லை; கீழ்த்தாடைக்கும் காதுப் பக்கத்துக்கும் உணர்வு கொண்டுபோகும் நரம்பு ஒரே நரம்பின் கிளைகள், அதனால் தாடை நோ காதில் தெரிகிறது.

அன்றைக்கே பல் எடுத்த டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இளஞ்சூட்டுச் சேலைனைச் சிறிஞ்சால் மெல்லப் பாய்ச்சிக் குழியைக் கழுவினார். பிறகு கராம்பு மணக்கும் மருந்து தோய்த்த கோஸ் நாடாவைச் சிறு இடுக்கியால் மடித்து மடித்து உள்ளே வைத்தார். பத்து நிமிடமும் ஆகவில்லை. படி இறங்கும்போதே அவளின் தோள் இளகிவிட்டது. ஓரிரு நாள் இடைவெளியில் திரும்பப் போய் மருந்தை மாற்றினாள், அடுத்த கிழமை பரீட்சையும் எழுதினாள்.

இது கிருமித் தொற்று இல்லை, ஆகவே பாமசியில் அன்ரிபயோற்றிக் வாங்கிக் குடித்துப் பயனில்லை. மருந்து வைக்காமல் விட்டாலும் பத்து நாளளவில் ஆறிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பத்து நாளை ஏன் அழுது கழிக்கவேண்டும்? உள்ளே வைத்த நாடாவை யாராவது திரும்ப எடுக்கவேண்டுமா, தானாகக் கரைகிற மருந்தா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

காய்ச்சல் வந்தால்

முதல் நாள் உடம்பு லேசாகச் சுடலாம். அதற்குப் பிறகு 38 பாகை செல்சியசுக்கு, அதாவது 100.4 பாரன்ஹீற்றுக்கு மேல் காய்ச்சல் வந்தால் இரண்டு காரணத்தை யோசிக்கவேண்டும்.

ஒன்று, காயத்தில் கிருமி. மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் கூடும், தோல் சிவந்து இறுகும், வாயில் கெட்ட சுவையோடு சீழ் வரும். இதற்குக் காயத்தைத் திறந்து சுத்தம் செய்து மருந்து தரவேண்டும்.

மற்றது, யாழ்ப்பாணத்தில் மாரி காலத்தில் மறக்கக்கூடாதது, டெங்கு. பல் எடுத்ததால்தான் காய்ச்சல் என்று வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டு ஐபுபுரூபனையும் டைக்ளோபெனாக்கையும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். டெங்கில் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். ஆகவே காய்ச்சல் கண்டதும் பரசிற்றமோலைத் தவிர மற்ற நோக் குளிசைகளை நிறுத்தி, டொக்டரைக் கண்டு இரத்தம் சோதியுங்கள். பல் எடுத்ததையும் கட்டாயம் சொல்லுங்கள். டெங்கில், இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் குறையும்போது ஆறிவந்த குழியிலிருந்து திரும்ப இரத்தம் கசியலாம்.

எச்சில் விழுங்க ஏலாமை, நாக்கு மேலெழும்புவது, நாடிக்குக் கீழும் கழுத்தும் பலகைபோல் இறுகி வீங்குவது, குரல் மாறுவது, மூச்சு எடுக்கச் சிரமம், இவற்றில் ஒன்று கண்டாலும் நேரம் பார்க்காதீர்கள். தாடையின் கீழால் கிருமி பரவி மூச்சுவழியை அடைக்கலாம். 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், காசு இல்லை. படுக்கவைக்காமல் நிமிர்த்தி இருத்திக்கொண்டு போங்கள்.

விறைப்பு விடாவிட்டால், வாய் திறபடாவிட்டால்

அடுத்த நாள் காலையில் பஞ்சு நுனியால் கீழுதட்டையும் நாடியையும் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். நாக்கின் இரு ஓரத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மரத்தது போலோ ஊசி குத்துவது போலோ இருந்தால் உடனே டொக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். கீழ் ஞானப்பல்லின் வேர் உதட்டுக்கும் நாடிக்கும் போகும் நரம்புக்கு மிகக் கிட்ட இருக்கும், நாக்கு நரம்பு உட்பக்கமாக ஓடும். பெரும்பாலும் சில கிழமை, சில மாதத்தில் உணர்வு திரும்பிவிடும். நிரந்தரமாகத் தங்குவது அரிது. ஆனால் தொடக்கத்திலேயே குறித்துவைத்தால்தான் தேறுகிறதா இல்லையா என்று அவர்களால் பார்க்கமுடியும். மேற்பல் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் மட்டும் யாருக்கும் வேண்டாம். பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பே இல்லை.

வாய் திறக்க ஏலாமல் தாடை இறுகுவது முதல் கிழமையில் சாதாரணம். ஊசி போட்ட தசையும் வெட்டுப்பட்ட இடமும் இறுகியிருக்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு இளஞ்சூட்டுத் துணியை 15 நிமிடம் வைத்துவிட்டு, மெல்ல மெல்லத் திறந்து மூடிப் பழகுங்கள். ஐஸ்பழக் குச்சிகளைக் கழுவி அடுக்கி, முன்பற்களுக்கு இடையில் வைத்து, நாளுக்கு ஒன்றாகக் கூட்டலாம். சொந்த விரல் மூன்றைச் செங்குத்தாக உள்ளே வைக்க முடிந்தால் பழைய நிலைக்கு வந்துவிட்டீர்கள். இரண்டு கிழமையாகியும் ஒரு விரலே போகிறதென்றால் காட்டவேண்டும்.

மேற்பல் எடுத்தவர்கள் இரண்டு கிழமைக்கு மூக்கைச் சீறாதீர்கள்; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். மேற்பல்லின் வேருக்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது. தண்ணி குடிக்கும்போது மூக்கால் வந்தால் அங்கே துவாரம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம், காட்டவேண்டும்.

பிறகு வரும் கிழமைகள்

கன்னத்தில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகக் கண்டல் தெரிந்தால், கழுத்துவரை இறங்கினாலும், அது தானாக மறையும். தையல் கரைகிற நூலா, வெட்ட வேண்டியதா என்று கேட்டுவையுங்கள். பட்டு நூல் என்றால் ஒரு கிழமையளவில் வெட்டுவார்கள். முரசு மூட மூன்று நான்கு கிழமை, உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதம். அதுவரை குழிக்குள் சோறு போகத்தான் செய்யும். குண்டூசியும் ஈர்க்கும் போட்டுக் கிண்டாதீர்கள். ஒரு கிழமைக்குப் பிறகு, டொக்டர் ஓம் என்றால், வளைந்த நுனியுள்ள சிறிஞ்சில் உப்புத்தண்ணி எடுத்து மெதுவாகப் பாய்ச்சலாம். சில கிழமை கழித்து முரசில் கூரான வெள்ளைத் துண்டு ஒன்று முளைத்து நாக்கில் உரசினால், பல்லின் மிச்சம் விட்டுவிட்டார்கள் என்று கோபப்படவேண்டாம். அது பெரும்பாலும் உதிர்ந்த சின்ன எலும்புச் சீவல். தானாக விழும், விழாவிட்டால் டொக்டர் இடுக்கியால் எடுத்துவிடுவார்.